வெந்த சிங்கியும் வைத்த பலகையும்

ஒரு காட்டில், சிங்கம் ஆட்சியைத் துறைகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பாறைமேல் படுத்துக்கொண்ட காலத்தில், மாசிலாமணி என்றொரு நீர்நாய் தன் குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. ஓடைக்கரை நாவல் மரத்தடியில் அது சிங்கிக் கடை வைத்திருந்தது. சிங்கி என்பது இறாலின் வாலும் நண்டின் கொடுக்கும் ஒரே உடம்பில் வாய்த்த பிராணி. ஓடையில் கல்லிடுக்குகளில் குடியிருக்கும். அந்தக் காட்டில் சிங்கிகளுக்கும் பேச வரும். ஆனால் இந்த விவகாரத்தில் அவற்றின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

மாசிலாமணி சுத்தம் பார்க்கிற ஜென்மம். பிடித்த சிங்கியை அன்றைக்கே சட்டியில் போடாது. வயிற்றிலுள்ள சேறெல்லாம் கழியட்டும் என்று ஒரு நாள் முழுக்க ஊற்றுத் தண்ணீரில் விட்டுவைக்கும். மறுநாள் தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். அசையாததைத் தூக்கிப் போய்ப் புதைத்துவிடும். மீதியைத் தேய்த்துக் கழுவி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நடுச்சதை வெள்ளையாகும்வரை அடுப்பை விட்டு நகராது. அப்புறம் தலையை ஒதுக்கி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவி எறியும். மிளகும் பூண்டும் அதற்குப் பிறகுதான். இத்தனையையும் அது யாரிடமும் சொன்னதில்லை. சாப்பிட வந்தவர்களும் கேட்டதில்லை. காட்டுப்பன்றியும் கரடியும் மரநாயும் வந்தன, தின்றன, வாயைத் துடைத்துக்கொண்டு போயின. கோமளம் என்ற கீரி தினமும் வரும். அது வயிற்றில் குட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தது.

காட்டில் எல்லோர் கைக்கும் கைப்பேசி வந்துசேர்ந்த வருஷம் அது. ஒரு குரங்கு எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பியது. சிங்கி சாக்கடையில் பிறந்து பிணம் தின்று வளர்கிறது, அதன் உடம்பெல்லாம் ஈயம், சிங்கி தின்ற வாயால் எலுமிச்சம்பழம் சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் மரணம், அதிகம் பகிரவும் என்று அதில் இருந்தது. அந்தக் குரங்கு பிறந்ததிலிருந்து சிங்கியை வாயில் வைத்ததில்லை. நல்ல விஷயம் நாலு பேருக்குப் போகட்டுமே என்றுதான் அனுப்பியது.

மறுநாள் கரடி கடைக்கு வந்து, இலையில் கை வைக்காமல், எலுமிச்சம்பழச் செய்தி உண்மையா என்று கேட்டது. மாசிலாமணி ஒரு பழத்தை அறுத்து நாலு சிங்கி மேல் பிழிந்து, நாலையும் தின்றுவிட்டுக் கரடியின் எதிரே உட்கார்ந்தது. கரடியும் அதையே பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நேரம் முடிந்தபோது மாசிலாமணி எழுந்து அடுப்புக்கு விறகு தள்ளியது. கரடிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சில உடம்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அன்று மத்தியானம் கோமளம் வந்தது. வழக்கம்போல் இலையைக் கேட்காமல் ஓரமாக நின்றது.

"எனக்காகக் கேக்கலண்ணே. உள்ள இருக்கிறதுக்காகக் கேக்கறேன். சாப்பிடலாமா?"

தாராளமாகச் சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாசிலாமணிக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. வேகாத சிங்கியில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கலாம், அது நுரையீரல்வரை போகும் என்றது. நன்றாக வெந்தால் அது செத்துவிடும் என்றது. தண்ணீரிலுள்ள அழுக்கு தலைப்பக்கம்தான் சேரும், அதனால்தான் தலையை ஒதுக்குகிறேன் என்றது. கடைசியாக, "வெந்தது பயமில்லம்மா. ஆனா தினமும் வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்" என்றது.

தன் கடைக்குத் தினமும் வராதே என்று சொன்ன கடைக்காரரைக் கோமளம் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை நல்லதாக எடுத்துக்கொள்வதா கெட்டதாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், பாதி தின்று பாதியை வைத்துவிட்டுப் போனது.

ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. ஒரு பலகையைத் தேய்த்துச் சுண்ணாம்பால் ஒன்பது வரி எழுதியது. செத்த சிங்கி சமைப்பதில்லை என்பது முதல் வரி. புழு இல்லை என்பது மூன்றாவது. சிங்கி தின்றால் உடம்பில் தடிப்பும் அரிப்பும் வருகிறவர்கள் தயவுசெய்து தவிர்க்கவும் என்பது ஒன்பதாவது. அதைக் கடை வாசலில் நிறுத்தியதும் அதற்கு மனசு லேசானது.

ஆறு வருஷமாக அங்கே சாப்பிடும் காட்டுப்பன்றி மறுநாள் வந்து பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தது. மூன்றாவது வரியில் நின்றது.

"புழு இல்லைன்னு போட்டிருக்கியே. அப்ப இவ்வளவு நாளா இருந்துச்சா?"

மாசிலாமணி விளக்கியது. எப்போதும் இருந்ததில்லை, மற்ற இடத்தில் இருக்கலாம், இங்கே வேகவைப்பதால் இருக்காது என்றது. விளக்க விளக்கப் பன்றியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அது காலையில் எதையெல்லாம் கிளறித் தின்றுவிட்டு வந்தது என்பது காட்டுக்கே தெரியும். ஆனாலும் இலையைத் தள்ளி வைத்துவிட்டு, குடும்பம் இருக்கிறது என்று சொல்லி எழுந்துகொண்டது.

கூட்டம் குறைந்தது. அரசாங்க முத்திரை இருந்தால் நம்புவார்கள் என்று மாசிலாமணி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனது. அலுவலர் ஏகாம்பரம் ஒரு முள்ளம்பன்றி. எழுத வேண்டியிருந்தால் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்துக்கொள்ளும். அது வலிக்கும் என்பதால் பெரும்பாலும் எழுதுவதில்லை. விண்ணப்பத்தில் மீன், இறைச்சி, காய்கனி என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. சிங்கி எந்தக் கட்டத்தில் வரும் என்று முடிவு செய்ய ஏகாம்பரத்துக்கு ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து அதில் 'இதர' என்று எழுதியது. மாசிலாமணிக்குக் கிடைத்த உரிமத்தின் எண் ஒன்று. அந்தக் காட்டில் அதற்கு முன் யாரும் உரிமம் கேட்டதே இல்லை.

உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியபோது ஓடையின் எதிர்க்கரையில் புதுக் கடை ஒன்று எழும்பிவிட்டிருந்தது. தணிகாசலம் என்ற கழுதைப்புலி வைத்த சிங்கிக் கடை. அங்கே பலகை இல்லை. சிங்கம் சிரித்துக்கொண்டு நிற்கிற பெரிய பேனர் மட்டும் இருந்தது. தணிகாசலம் செத்த சிங்கி, உயிருள்ள சிங்கி என்று பேதம் பார்ப்பதில்லை. தண்ணீர் சுட்டதும் சட்டியை இறக்கிவிடும். நாற்றம் தெரியாமலிருக்க மிளகாய்த் தூளை அள்ளிக் கொட்டும். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் அதனிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. உக்காருங்க."

கரடி உட்கார்ந்தது. பன்றி குடும்பத்தோடு உட்கார்ந்தது. நாலாம் நாள் கோமளமும் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் ஏழு வீடுகளில் வாந்தியும் பேதியும். கோமளம் வளைக்குள் சுருண்டு கிடப்பதாகக் கேள்விப்பட்டு மாசிலாமணி ஓடியது. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்துப்போய், வளை வாசலில் உட்கார்ந்து, மடக்கு மடக்காகக் கொடுத்தது. அது வாந்தியில் போனது. மறுபடி கொடுத்தது. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. வயிற்றில் அசைவு தெரிகிறதா என்று கேட்க அதற்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் கோமளமே, "உதைக்குதுண்ணே" என்றது. மாசிலாமணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கஞ்சியில் உப்புப் போட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டது.

"ஏம்மா அங்க போன?"

கோமளம் கஞ்சியைப் பார்த்தபடி சொன்னது.

"அங்க யாரும் என்னைப் பயமுறுத்தலண்ணே."

ஏழு வீட்டாரும் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். எதிர்க்கரைக் கடையில்தான் சாப்பிட்டோம் என்று கோமளம் தெளிவாகவே சொன்னது. ஏகாம்பரம் பதிவேட்டைப் புரட்டியது. அதில் ஒரே ஒரு சிங்கிக் கடைதான் இருந்தது.

"உரிமம் வாங்காத கடை சட்டப்படி கிடையாது" என்றது ஏகாம்பரம். "கிடையாத கடையில நீங்க சாப்பிட்டிருக்க முடியாது."

அப்படியானால் சாப்பிட்டது எங்கே என்று அது பதிவேட்டையே மறுபடி பார்த்தது. உரிம எண் ஒன்று. நாவல் மரத்தடிக்குப் போய்ப் பலகையையும் படித்தது. புழுவைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஆள் சும்மா இருந்திருக்குமா என்று கேட்டது. கூடியிருந்தவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. புழு என்ற வார்த்தையை அவர்கள் முதன்முதலில் படித்தது அந்தக் கடை வாசலில்தான். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. பலகை சாட்சிப் பொருளாகப் போனது. அலைந்த களைப்பில் ஏகாம்பரம் எதிர்க்கரைக்குப் போய் இரண்டு இலை சாப்பிட்டது. மறுநாளிலிருந்து நாலு நாள் மருத்துவ விடுப்பு எடுத்தது. காரணம் என்ற இடத்தில் வேலைப்பளு என்று எழுதியது.

மாசிலாமணி ஓடைக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் கழித்து, உடம்பு நன்றாகத் தேறிய கோமளம் தேடி வந்தது. தன் சாட்சி எடுபடவில்லையே என்ற வருத்தம் அதற்கு இருந்தது. அதனால் ஒரு யோசனை கொண்டுவந்திருந்தது. கடைக்குப் பெயர் வேண்டாம், பலகை வேண்டாம், உரிமம் கூடவே கூடாது. சமையலைப் புதருக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். யார் கேட்டாலும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை அது மாசிலாமணிக்குச் சொல்லிக் கொடுத்தது.

மாசிலாமணிக்கு அது லேசில் வரவில்லை. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது என்று தொடங்கும், நல்லா வெந்திருந்தால் என்று சேர்த்துவிடும். கோமளம் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னது. ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

புதுக் கடைக்கு முதலில் வந்தது கரடி. எதிர்க்கரையில் சாப்பிட்டு இளைத்துப் போயிருந்தது. நல்லதுதானே என்று கேட்டது. மாசிலாமணிக்குக் காது இரண்டும் சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. உக்காருங்க" என்றது. கரடி நிம்மதியாக உட்கார்ந்து ஆறு இலை தின்றது.

பத்து நாளில் கூட்டம் நெரிந்தது. யாருக்கும் வயிறு கெடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. கவனித்தது தணிகாசலம் ஒன்றுதான். என்ன ரகசியம் என்று பார்க்க அது புதருக்குப் பின்னால் வந்து பதுங்கியது. அங்கே மாசிலாமணி, யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, தொட்டியில் சிங்கிகளை மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டிருந்தது. செத்த இரண்டை அவசர அவசரமாகக் குழி தோண்டிப் புதைத்தது. ஒன்றைப் பிட்டு நடுச்சதையைப் பார்த்துவிட்டு மறுபடி கொதிக்கிற தண்ணீரில் போட்டது.

தணிகாசலம் கூட்டத்தின் நடுவே போய் நின்று பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னது. இந்த ஆள் உள்ளே எதையோ புதைக்கிறான், ஒரு தடவைக்கு மூன்று தடவை கழுவுகிறான், எதற்கும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றது. எல்லோரும் மெல்வதை நிறுத்தினார்கள். ஒன்றுமில்லாததற்கா மூன்று தடவை கழுவுவார்கள் என்று பன்றி எழுந்தது. கரடி இலையை மூடியது.

மாசிலாமணி ஈரக் கையோடு வெளியே வந்தது. கூட்டத்தைப் பார்த்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த கோமளத்தைப் பார்த்தது. கோமளம் மெதுவாகத் தலையை அசைத்தது. மாசிலாமணி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே மிகப் பெரிய பொய்யைச் சொன்னது.

"என் குட்டிங்க மேல ஆணை. நான் கழுவறதே இல்ல."

கூட்டம் பெருமூச்சு விட்டது. பன்றி உட்கார்ந்தது. கரடி இன்னொரு இலை கேட்டது.

நீதி: சுத்தமாகச் சமைப்பதில் குற்றமில்லை, அகப்பட்டுக்கொள்ளாமல் சமைக்க வேண்டும்.