மேஜரின் பெயருக்குக் கறுப்புத் துணி

அதிகாரத்தை எப்படிக் கைமாற்றிக் கொடுப்பது என்று உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, கல்வெர்டன் அருங்காட்சியகம் அந்தக் காரியத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேநீருக்கு முன்பாகவே செய்து முடித்தது. நெரிடா கான்லோ அன்றுமுதல் 'தலைமைத் தொல்குடிக் காப்பாட்சியர்' ஆனாள். கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும், அதுவரை பாடம் செய்த பறவைகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையும் அவளுக்கு வழங்கப்பட்டன. பறவைகளை உடனே காலி செய்ய முடியவில்லை. ஒரு கூழைக்கடா மட்டும் அவளுக்கு எதிரே கடைசிவரை பதவியில் இருந்தது.

"இனிமே இந்தக் கூடம் உங்களோடது, நெரிடா," என்று இயக்குநர் டாக்டர் ஜூலியன் ப்ராட்பென்ட் தழுதழுத்தார். "நாங்கல்லாம் ஓரமா உக்காந்து கத்துக்கப் போறோம். எங்க ஒப்புதல் இல்லாம மட்டும் எதையும் செஞ்சுடாதீங்க."

அது 'எல்லைப்புற மோதல்' கூடம். வெள்ளையர்கள் ஆடுமாடுகளோடு வடக்கே ஏறி வந்த காலத்தில் நடந்ததைச் சொல்லப் போகிற இடம். அது அமைந்திருந்தது ஹார்க்நெஸ் மண்டபத்தில். மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தது ஹார்க்நெஸ் குடும்பம். குடும்பத்துக்கு நிலம் தேடிக் கொடுத்தவர் மேஜர் எட்வின் ஹார்க்நெஸ். அவருடைய கொள்ளுப்பேத்தி திருமதி ஃபிலிப்பாதான் இப்போது நிர்வாகக் குழுவின் தலைவி. மேஜர் நிலம் தேடிய நாளில், சாம்பல் ஓடையின் நாணலுக்குள் மூச்சை அடக்கிப் படுத்துக் கிடந்து தப்பித்த ஒரு சிறுமியின் வழியில் வந்தவள் நெரிடா. ஆக, இரண்டு குடும்பங்களுக்கும் பழைய பழக்கம் உண்டு.

நெரிடா விட்டுக்கொடுக்கத் தெரிந்தவள். துப்பாக்கிச் சத்தம் குழந்தைகளைப் பயமுறுத்தும் என்றார்கள். கிளிச் சத்தத்துக்கு ஒப்புக்கொண்டாள். தரைவிரிப்பில் சிவப்பு கலந்தால் 'ஒரு பக்கம் சாய்ந்ததாக' இருக்கும் என்றார்கள், பழுப்புக்கு ஒப்புக்கொண்டாள். 'படுகொலை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வருந்தத்தக்க சந்திப்பு' என்று போடலாமே என்றபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"சந்திப்பா? டீ குடிக்கவா சந்திச்சாங்க?"

"சமநிலை வேணும் நெரிடா. ரெண்டு பக்கத்துக் கதையும் வரணும்."

"மேஜர் பக்கத்துக் கதையை அவரே புத்தகமா எழுதியிருக்காரு. கீழ நம்ம கடையிலயே விக்குது. சுட்டதாத்தான் எழுதியிருக்காரு. பெருமையா எழுதியிருக்காரு."

"அந்தக் காலத்து நடை அப்படி," என்று இயக்குநர் இலக்கிய விமரிசனம் செய்தார்.

எதை விட்டாலும் ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் விடுவதாக இல்லை. 'மேஜர் எட்வின் ஹார்க்நெஸும் அவருடைய ஆட்களும் சாம்பல் ஓடையில் எங்கள் மக்களைச் சுட்டுக் கொன்றார்கள்.' கல்வெர்டனில் பாலத்துக்கு அவர் பெயர், பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர், நீச்சல் குளத்துக்குக்கூட அவர் பெயர். ஓடையில் நடந்ததற்கு மட்டும் ஊரில் எந்தப் பலகையிலும் ஆள் பெயர் கிடையாது. அந்தப் பெயரைச் சுவரில் ஏற்றுவேன் என்று தன் மக்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் நெரிடா இந்த வேலைக்கே வந்திருந்தாள். அது இல்லையென்றால் கூழைக்கடாவோடு குப்பை கொட்ட அவளுக்கு வேறு காரணம் இல்லை.

நிர்வாகக் குழு எழுதிப் பார்த்தது, அழித்துப் பார்த்தது, ஆலோசகர் வைத்துப் பார்த்தது. அவள் அசையவில்லை. கடைசியில் குழுவைக் காப்பாற்றியது, நெரிடா மக்களின் பண்பாடேதான். 'பண்பாட்டு நுண்ணுணர்வு'ப் பயிற்சி முகாமுக்குப் போன இயக்குநர், ஞானம் பெற்றவருக்குரிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"நெரிடா, உங்ககிட்ட எவ்வளவு அழகான வழக்கம் இருக்கு! இறந்தவங்க பேரைச் சொல்ல மாட்டீங்களாமே?"

"சாவு நடந்த வீட்டுல சொல்ல மாட்டோம். அதுக்கென்ன?"

"மேஜர் ஹார்க்நெஸ் இறந்துட்டாரு."

"ஆமா, கேள்விப்பட்டேன்."

"அப்போ அவர் பேரைச் சுவத்துல எழுதறது உங்க மரபுக்கே அவமரியாதை இல்லையா?"

நெரிடா பொறுமையாகச் சொன்னாள்: "டாக்டர், அது எங்க செத்தவங்களுக்கு நாங்க செய்யறது. பறிகொடுத்த குடும்பம் பேரை மூடும். மனசு ஆறினதும் அந்தக் குடும்பமே வாயைத் திறந்து சொல்லும். அதுக்கப்புறம் எல்லாரும் சொல்லலாம்."

"உங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" இயக்குநர் உண்மையிலேயே மனம் புண்பட்டார். "செத்த பிறகுமா நிறம் பாக்கறது?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாக்கியம் நெரிடா எழுதியபடியே சுவரில் ஏறியது. மேஜரின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டப்பட்டது. அதன் கீழே, 'தொல்குடி மரபை மதித்து இப்பெயர் மறைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு குறிப்பு. வாசலில் ஆள் உயரத்துக்குப் பொறித்திருந்த 'ஹார்க்நெஸ் மண்டபம்' என்பதை யாரும் தொடவில்லை. அது பெயர் அல்ல, முகவரி என்று சட்டப்பிரிவு கருத்துத் தெரிவித்திருந்தது.

பிடுங்குவதற்கு இனி ஒன்றுமில்லை என்று நெரிடா நினைத்திருந்தாள்; துக்கத்தையும் பிடுங்கிக்கொண்டு போய் மேஜருக்குப் போர்த்திவிட்டார்கள். நேரே கோரல் அத்தை வீட்டுக்குப் போனாள். அருங்காட்சியகத்தின் மூத்தோர் ஆலோசனைக் குழுவுக்கு அத்தைதான் தலைவி. அதாவது, எல்லாம் முடிவான பிறகு சாப்பாட்டோடு ஆலோசனை கேட்கப்படுபவள். தொலைக்காட்சியில் கால்பந்து ஓட, சூடான டாம்பர் ரொட்டியைப் பாகில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவன் பேரைத் துணி போட்டு மூடிட்டாங்க. நம்ம வழக்கமாம்."

ரொட்டி பாதி வழியில் நின்றது. "நம்ம வழக்கமா? அவனுக்கா? அடப்பாவிங்களா!"

"நான் வேலையை விட்டுடறேன்."

"விடு. அந்தத் துணிக்கு மாசாமாசம் தூசி தட்ட வேற ஆளைப் போட்டுக்குவாங்க." அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். "யாருடி அவனுக்காக அழுதுட்டு இருக்காங்க? செத்து எத்தனை காலம் ஆச்சு?"

அந்தக் கேள்வியில் நெரிடா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது.

"அத்தை, பேரை மூடியிருந்தா அது துக்க வீடுதானே? தெரிஞ்சும் நாம போகாம இருக்கலாமா?"

அத்தை அவளைப் பார்த்தாள். பிறகு ரொட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "போகலன்னா நாளைக்கு ஊரு நம்மளை என்ன சொல்லும்? பஸ் ஓட்டற நம்ம ராய்ஸுக்குப் போன் போடு, பஸ்ஸை எடுத்துட்டு வரட்டும். எல்லாரையும் நல்ல துணி போட்டுட்டு வரச் சொல்லு. எவனாவது அங்க வந்து சிரிச்சான், தோலை உரிச்சுடுவேன்."

திறப்பு விழா அருங்காட்சியகத்தின் தகுதிக்கேற்ப நடந்தது. அமைச்சர் வந்தார், ஒயின் வந்தது, கங்காரு இறைச்சியைக் குச்சியில் குத்தி வைத்த தட்டுகள் வந்தன. அமைச்சர் 'உண்மையை எதிர்கொள்ளும் துணிச்சல்' பற்றி, வெல்வெட் துணிக்கு முதுகு காட்டி நின்று பேசினார். கைதட்டல் ஓய்ந்த நேரத்தில் பஸ் வந்து நின்றது.

கறுப்பும் வெள்ளையுமாக உடுத்திய கூட்டம், தலை குனிந்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து வரிசையில் நின்றது. கோரல் அத்தை முன்னால் போய்த் திருமதி ஃபிலிப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. நம்ம கையில என்ன இருக்கு."

பிறகு இயக்குநரின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். "தைரியமா இரு தம்பி." அவளுக்குப் பின்னால் ராய்ஸ், ராய்ஸின் மனைவி, சகலை, அக்காள் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக வந்து கை கொடுத்து, கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இயக்குநருக்கு உணர்ச்சி பொங்கியது.

"நம்மளை மன்னிச்சுட்டாங்க மினிஸ்டர்," என்று அமைச்சரின் காதில் விம்மினார். "நாம கேக்கக்கூட இல்ல!"

அமைச்சரும் வரிசைக்குக் கையை நீட்டினார். புகைப்படக்காரர்கள் ஓடி வந்தார்கள். திருமதி ஃபிலிப்பாவின் தோள்தான் நனைந்துகொண்டே போயிற்று. பத்துப் பன்னிரண்டு அணைப்புகளுக்குப் பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை.

"நெரிடா, என்ன இது? யாருக்கு என்ன ஆச்சு?"

நெரிடா ஒலிவாங்கி முன்னால் போய் நின்றாள். குரலில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"எங்க வழக்கத்துல, செத்தவங்க பேரை மூடி வைக்கறது பறிகொடுத்த குடும்பம்தாங்க. சாம்பல் ஓடையில சுட்டவரு பேரை இந்த நிர்வாகக் குழு ஒருமனதா மூடி வச்சிருக்கு. இத்தனை நாளா இவங்க துக்கத்துல இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்ச உடனே வந்துட்டோம்."

அமைச்சர் நீட்டிய கையை மடக்கி, தாம் சொந்தம் இல்லை, விருந்தாளிதான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் விளக்கிக்கொண்டே கங்காருத் தட்டுப் பக்கம் ஒதுங்கினார்.

"அபத்தம்!" நெரிடாவின் பக்கத்தில் வந்து நின்ற திருமதி ஃபிலிப்பாவின் முகம் சிவந்தது. "நான் ஒண்ணும் துக்கம் கொண்டாடல! எட்வின் ஹார்க்நெஸ் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!"

ஒலிவாங்கி அதை மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது.

"குடும்பமே வாயைத் திறந்து சொல்லிடுச்சு," என்றாள் கோரல் அத்தை. "இனி எல்லாரும் சொல்லலாம். நெரிடா, துணியை எடு."

நெரிடா சுவரருகே போனாள். பசை நல்ல பசை, அருங்காட்சியகத்துப் பசை. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. துணி விழுந்ததும் அவள் அந்த வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை உரக்கப் படித்தாள். வரிசையில் இருந்தவர்கள் இப்போது யாருக்காகவும் நடிக்கவில்லை. ராய்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நெரிடாவும் அழுதாள், கழுத்து அட்டையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் வரிசை கலையவில்லை. பஸ்ஸின் பின் இருக்கைக்காரர்கள் இப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக இயக்குநரின் கையைப் பிடித்து, முகத்தை நேராகப் பார்த்து, ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஒயின் சூடாகிக்கொண்டிருந்தது. இயக்குநர் கோரல் அத்தையிடம் குனிந்து, பணிவாகவே கேட்டார்:

"அதான் பேரைச் சொல்லியாச்சேம்மா. இந்தத் துக்கம் விசாரிக்கறது இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"யாருக்குத் தெரியும் தம்பி," என்றாள் அத்தை. "எங்க வீட்டுச் சாவுக்கு உங்க பக்கத்துலேருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லையே."