கட்டம் விடாத ஃபாரம் அண்ணன்

கடத்தூரில் ஃபாரம் அண்ணனின் கைபட்டுப் போன விண்ணப்பம் எதிலும் இதுவரை ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. வானத்தைக் கட்டம் போட்டு யாரேனும் அவரிடம் கொடுத்திருந்தால் அதையும் நிரப்பி, கீழே இடம், தேதி எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் இட்டு வைத்திருப்பார்.

அவருடைய உண்மைப் பெயர் ஊரில் எவருக்கும் தெரியாது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அவர் கடையின் பலகையிலும் 'ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. உள்ளே ஒரு கணினி, இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், இரண்டு காதுகளிலும் பேனா செருகிய அவர். வலக் காதில் நீலம், இடக் காதில் கருப்பு. இடம் மாற்றிச் செருகி அவரை எவரும் பார்த்ததில்லை.

அவருக்கு மூன்று கொள்கைகள் இருந்தன. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. பொய் எழுதக் கூடாது. மூன்றாவதுதான் ஊரையே வதைத்தது: 'பொருந்தாது' என்று எழுதித் தப்பிக்கவும் கூடாது.

"பொருந்தாதுன்னு எழுதறது சோம்பேறி வேலைங்க. கேட்டவன் என்ன மடையனா? எதையோ நெனச்சுத்தான கேட்டிருக்கான்? அதுக்கு நம்மகிட்ட என்ன இருக்குதோ அதச் சொல்லணுமில்ல?" என்பார்.

ஒருமுறை சித்தேரி மலையிலிருந்து சாமை விவசாயி ஒருவர் ஏதோ சான்றிதழுக்காக வந்திருந்தார். விண்ணப்பம் அங்க அடையாளங்கள் இரண்டு கேட்டது. அவர் உடம்பில் மச்சம் ஒன்றுதான் இருந்தது. ஃபாரம் அண்ணன் கடைக்குள்ளேயே அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, டார்ச் விளக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒண்ணுதாங்க இருக்குது, வுட்ருங்க. எனக்கு மலை பஸ்ஸு போயிரும்."

"பஸ்ஸு நாளைக்கும் வரும். மச்சம் இன்னைக்கே வேணும். அந்தப் பக்கம் திரும்புங்க."

அரை மணி நேரம் தேடியும் பயனில்லை. கடைசியில் இரண்டாம் அடையாளத்துக்கான கட்டத்தில், 'வேறு மச்சம் இல்லாமை' என்று எழுதினார். அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பதை அரசின் பெருந்தன்மைக்குச் சான்றாக இங்கே பதிவு செய்கிறேன். மணமாகாத ஓர் ஆசிரியையின் விண்ணப்பத்தில் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தில் 'இனிமேல்தான்' என்று எழுதியவரும் அவரே. ஆசிரியை ஆறு மாதம் அவருடன் பேசவில்லை. அதன் பிறகு கல்யாணப் பத்திரிகையோடு வந்து, "அண்ணா, அந்தக் கட்டத்த இப்ப மாத்தணுங்க" என்றார்.

இத்தகைய மனிதரின் கையில்தான் என் எதிர்காலம் ஒரு மஞ்சள் பையில் வைத்து ஒப்படைக்கப்பட்டது.

தருமபுரியில் இளங்கலை இலக்கியம் முடிக்கும் தறுவாயில் எனக்கு மும்பையில் ஒப்பிலக்கிய முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. பல்கலைக்கழக விடுதியில் மட்டும் இடமில்லை. அப்பா பால் வண்டி ஓட்டுகிறார், அதிகம் பேசாதவர். அன்று மூன்று வாக்கியங்கள் பேசினார்.

"ஹாஸ்டல் கெடச்சா பம்பாய் போ சாமி. கெடைக்கலன்னா தருமபுரியிலயே பி.எட். சேந்துரு. தெரியாத ஊர்ல தனி ரூமெல்லாம் வேண்டாம்."

மூன்று வாக்கியங்களிலும் கோபம் இல்லை. அதனால் வாதிடவும் வழியில்லை.

ஃபாரம் அண்ணன் தேடத் தொடங்கினார். கட்டணத்துக்கு ஓர் உதவித்தொகையை அவர் முன்பே பிடித்துக் கொடுத்திருந்தார், விடுதிதான் அகப்படவில்லை. பெருநகரங்களில் படிக்கும் பெண்களுக்காக யார் யாரோ நடத்தும் விடுதிகளை எல்லாம் துழாவிய பின், மும்பையில் யூத சமூகத்தினர் நடத்தும் ஓர் அறக்கட்டளையை அவர் கண்டுபிடித்தார். தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு அவர்கள் உதவித்தொகை தருகிறார்கள். வெளியூர் மாணவியருக்கு விடுதியும் வைத்திருக்கிறார்கள். விடுதி என்ற சொல்லைக் கண்டதும் அவர் கண்ணுக்கு மற்ற சொற்கள் தெரியாமல் போயிருக்க வேண்டும் என்று நான் பின்னர் எண்ணினேன். அது தவறான எண்ணம்.

அவர் கண்டுபிடித்த அன்றே விண்ணப்பிக்கக் கடைசி நாள். எனக்கோ தருமபுரியில் கடைசித் தேர்வு. அம்மாதான் மஞ்சள் பையோடு கடைக்குப் போனார். சான்றிதழ்களோடு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்த புகைப்பட ஆல்பத்தையும் பையில் வைத்திருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு நான் பேருந்திலிருந்து இறங்கியபோது இருவரும் ஊருக்கே விருந்து பரிமாறி முடித்தவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்புகைச் சீட்டுக்கு லேமினேஷனும் ஆகிவிட்டது. ஐந்து பக்க நகலை வாங்கி நின்றபடியே படித்தேன்.

முதல் பக்கத்தில் மதம் என்ற கட்டத்தில் 'இந்து' என்று இருந்தது. அதன் கீழே, நீங்கள் சார்ந்த யூத வழிபாட்டிடம்: மாரியம்மன் கோயில், கடத்தூர். அதன் குரு: பூசாரியின் பெயர், அலைபேசி எண்ணோடு. இரண்டாம் பக்கத்தில், உணவு விதிகளைப் பின்பற்றுபவரா என்ற கேள்விக்கு, 'செவ்வாய், வெள்ளி, புரட்டாசி மாதம் முழுவதும் அசைவம் இல்லை. விருந்தாளி வந்தால் மட்டும் கோழி.' சனிக்கிழமை ஓய்வு நாளைக் கடைப்பிடிப்பவரா? 'புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம். மற்றச் சனிக்கிழமைகளில் துணி துவைத்தல்.'

"அண்ணா, இது யூதர்களுக்கான விண்ணப்பங்கண்ணா!"

"தெரியுமே. மேலயே போட்டிருக்கான்."

"நாம யூதர் இல்லையே!"

"யூதர்னு நான் எங்க எழுதுனேன் பாப்பா? மதம் கட்டத்தப் பாரு. இந்துன்னு முழங்கையளவுக்கு அடிச்சிருக்கேன். அஞ்சு பக்கமும் படிச்சுட்டு ஒரு எழுத்து பொய் காட்டு, கடைய மூடிட்டுப் போயிடறேன்."

மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். பெண்பிள்ளை பன்னிரண்டு வயதில் ஏற்கும் 'பாத் மிட்ஸ்வா' என்னும் சமயச் சடங்கு உங்களுக்கு எப்போது நடந்தது என்று கேட்டிருந்தார்கள். தேதி எழுதப்பட்டிருந்தது. 'பத்திரிகையும் புகைப்படமும் இணைக்கப்பட்டுள்ளன' என்றும் இருந்தது.

"செல்லுல பாத்துட்டேன்," என்றார் ஃபாரம் அண்ணன். "பன்னண்டு வயசுல பொம்பளப் புள்ளைக்குச் சொந்தபந்தத்தக் கூப்புட்டு விழா எடுப்பாங்களாம். பெரியவளாயிட்டான்னு அர்த்தமாம். நம்ம மஞ்சத்தண்ணி விழா வேற என்னாவாம்?"

"தாய்மாமன் பேரெல்லாம் போட்ட பத்திரிக்க சாமி, நல்லவேள தூக்கிப் போடாம வெச்சிருந்தேன்," என்றார் அம்மா. "போட்டோ எதுன்னு கேக்கறியா? பட்டுச்சீல கட்டிக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பியே, அது."

ஒரு பிரதியைப் பாதியில் மூடி வைத்தது என் வாழ்வில் அதுவே முதல் முறை. மீதி இரண்டு பக்கங்களைப் படிக்கும் துணிவு எனக்கு இல்லை.

அடுத்த பத்து நாட்களும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. விடுதி கிடைக்காது என்பது உறுதியாகிவிட்டது. அதைவிடப் பெரிய அச்சம் வேறு இருந்தது. எங்கோ இருக்கும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் உதவியை நாங்கள் கேலி செய்துவிட்டதாக அவர்கள் எண்ணினால்? பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினால், கிடைத்த இடமும் போய்விடுமே? விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதம் ஒன்றை ஆறு முறை திருத்தி எழுதினேன். பத்தாம் நாள் அதை அச்சடிக்க, வேறு கடை இல்லாததால், அவர் கடைக்கே போனேன். அம்மாவும் கூட வந்தார்.

ஃபாரம் அண்ணன் கடிதத்தை இருமுறை படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கற. ஆனா இதுல கட்டமே இல்லியே" என்றார், சற்று வருத்தத்தோடு.

அப்போதுதான் பூசாரி மொபெட்டில் வந்து இறங்கினார்.

"பாப்பா, பம்பாயிலிருந்து போன் வந்துச்சு. ஒன்னயப் பத்தி விசாரிச்சாங்க."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "என்னங்க சொன்னீங்க?"

"கோயிலுக்கு ஒழுங்கா வருமான்னாங்க. வருங்க, ஆனா தூண் பக்கத்துல நின்னு பொஸ்தகம் படிக்கும், சாமிய ஏறெடுத்துப் பாத்த மாதிரி தெரியலன்னேன்."

"ஐயோ, இத எதுக்குச் சாமீ சொன்னீங்க?" என்றார் அம்மா.

"அம்மன் பேர்ல குறி சொல்ற வாயிங்க. அந்த வாயில பொய் வருமா? அப்புறம், இந்தப் புள்ளையும் பொய் சொல்லாதுன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க."

என் கடிதம் பிரிண்டரிலிருந்து பாதி வெளியே வந்திருந்தபோது, கடைத் தொலைபேசி ஒலித்தது. 'மாற்று எண்' என்ற கட்டத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பொண்ணு இருக்காளா? பம்பாய் ஹாஸ்டல் ஆபீஸ்லேருந்து பேசறேன். நான் தாராவிக்காரி, தமிழ்லயே பேசு. செயலாளர் அம்மா பக்கத்துல இருக்காங்க. அவங்க சொல்றத நான் சொல்றேன்," என்றது ஒரு பெண் குரல்.

மனப்பாடம் செய்திருந்ததைத் தொடங்கினேன். "அம்மா, நாங்கள் யூதர்கள் அல்லர். அறியாமையால் நேர்ந்த இப்பிழைக்கு..."

"என்னம்மா, நியூஸ் வாசிக்கிற? யூதர் இல்லன்னுதான் மொதப் பக்கத்துலயே போட்டிருக்கே. நாங்களும் படிப்போம்ல?"

பின்னணியில் செயலாளர் அம்மாவின் முதிய குரல் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுவது கேட்டது. தாராவிப் பெண் சொன்னார்: "உதவித்தொகை எங்க சமூகத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். அது விதி. அத ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க."

அம்மாவின் கை மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"இரு, முடிக்கல. அஞ்சாம் பக்கத்துக்கு வரலாமாங்கறாங்க."

நான் படிக்காத பக்கம் அது. அதன் அடியில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு கட்டம் இருந்திருக்கிறது: நீங்கள் பிற சமூகத்தவரானால், விடுதியில் வெளிச் சமூகப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள இரண்டு இடங்களுள் ஒன்றுக்குப் பரிசீலிக்கப்பட விரும்புகிறீர்களா? முதல் பக்கத்தின் கேள்விகளைக் கண்டே வெளிப்பெண்கள் ஓடிவிடுவதால், அந்த இடங்கள் பல ஆண்டுகளாகக் காலியாகவே கிடந்தனவாம். ஃபாரம் அண்ணன் அங்கே 'ஆம்' என்று எழுதியிருந்தார். காரணம் என்ற கட்டத்தில், 'இவள் நடந்துகொண்டே படிப்பாள். கடத்தூர் சாலையில் லாரி அதிகம்.'

"பம்பாயில லாரி இன்னும் ஜாஸ்தின்னு சொல்லச் சொல்றாங்க," என்றார் தாராவிப் பெண். குரலில் சிரிப்பு. "எங்க பசங்களே பாதிக் கட்டத்தக் காலியா விட்டுத்தான் அனுப்புவாங்களாம். இத்தன வருஷத்துல முழுசா வந்த மொத ஃபாரம் இதுதானாம். கூட்டத்துல சத்தமாப் படிச்சாங்க. அப்புறம் அந்தப் பட்டுச்சீல போட்டோ... அவங்க மகளும் அவ விழாவுல இதே மூஞ்சிதான் வெச்சிருந்தாளாம். ரூம் ஒனக்குத்தான். எப்ப வர்ற?"

பத்து நாட்களாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியேறிய ஓசை ஒலிபெருக்கி வழியாக மும்பை வரை கேட்டிருக்கும். அம்மா அழுதார். பூசாரி சட்டைப் பையிலிருந்து விபூதி எடுத்து, எனக்குப் பூசிவிட்டு, மிச்சத்தைப் பிரிண்டருக்கும் பூசினார். ஃபாரம் அண்ணன் என் கடிதத்தை இழுத்து எடுத்துத் திருப்பி, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, பழைய தாள்களோடு அடுக்கி வைத்தார்.

செய்தியைக் கேட்ட அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "சோறு நல்லாப் போடுவாங்களா?"

நன்றாகவே போடுகிறார்கள். அவர்களுடைய உணவு விதிப்படி பாலுக்கும் கறிக்கும் தனித்தனிப் பாத்திரங்கள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுகிறார்கள். இதைச் சொன்னபோது அம்மா, "அங்கயும் வெள்ளிக்கெழம வெளக்கா? அப்புறம் என்னத்துக்கு நீ அவ்வளவு பயந்த?" என்றார். சனிக்கிழமைகளில் நான் இப்போது துணி துவைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டுக்கான விண்ணப்பத்தை நிரப்ப அண்மையில் அலுவலகத்துக்குப் போனபோது, செயலாளர் அம்மா என் பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். இம்முறை ஐந்தாம் பக்கத்தையும் முழுவதும் படித்தேன். அதனால் இக்கட்டுரையின் முதல் வாக்கியத்தை நான் திருத்தியாக வேண்டும். கடைசிக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. 'இவ்விண்ணப்பத்தை நிரப்ப உதவியவரின் பெயர்.'

கடைக்குப் பேசிப் பெயரைக் கேட்டேன்.

"அது எதுக்கு பாப்பா, அத வுட்ரு," என்றார்.

"கட்டத்த வுடக்கூடாதுன்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க."

பின்னால் பிரிண்டர் இருமும் ஒலி கேட்டது. பிறகு அவர் தம் பெயரைச் சொன்னார். தவறாகிவிடக் கூடாது என்று ஒவ்வோர் எழுத்தாகவும் சொன்னார். நானும் அந்தக் காலிக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன், அவர் இடக் காதில் செருகியிருக்கும் அதே கருப்பு மையில்.