ஊசிக்குப் பயந்தவனின் மரபியல்

எனக்கு ஊசி என்றால் பயம். பேரனின் வைத்தியத்துக்காக ஒரு சின்னக் குப்பி ரத்தம் கேட்டபோது, தப்பிப்பதற்கு அறிவியலையே துணைக்கு அழைத்த அளவுக்குப் பயம்.

பேரன் ரயானுக்கு அப்போது மூன்று வயது. காய்ச்சல் வந்தால் மற்றப் பிள்ளைகள் அழுவார்கள். இவன் துணிபோல் துவண்டுவிடுவான். நடை போய்விடும், தலை நிற்காது. செல்களுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு என்றார், இடப்பள்ளி ஆஸ்பத்திரியில் இத்தகைய பரம்பரை நோய்களை ஆராயும் டாக்டர் மினி. எந்த மரபணுவில் குறை என்று தெரிந்தால்தான் மருந்து முடிவாகும். அதற்குப் பெற்றோர், தாத்தா, பாட்டி எல்லோருடைய ரத்தமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவரே மட்டாஞ்சேரிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

முந்தைய நாள் பிரியாணிக்கு நடுவே (எனக்குத் தைரியம் வருவது அப்போதுதான்) தொண்டையைச் செருமினேன். மைட்டோகாண்ட்ரியா பற்றி ஏதோ பத்திரிகையில் பாதிக் கட்டுரை படித்திருந்தேன். மீதி, நான் புரட்டாத பக்கத்தில் இருந்தது.

"மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும். ஆம்பளைங்க ரத்தம் எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல."

மகன் நிசார் உடனே தலையாட்டினான். (ஊசிப் பயம் எந்த மரபணுவில் இருக்கிறது என்று இன்னும் யாரும் ஆராயவில்லை.) மருமகள் சஜிதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் பிள்ளைக்கு இந்தச் சீக்கை நான்தான் கொடுத்தேனா மாமா?"

இப்படியொரு கேள்வி வரும் என்று நான் படித்த பாதியில் எழுதியிருக்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுள்ளிக்கல்லில் இருக்கும் தாய்வீட்டுக்கு ஆட்டோ ஏறிவிட்டாள். அவளைப் பெற்றவள் என் சொந்த அக்கா.

சாயா நேரத்துக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வந்தாள்.

"டேய், சஜிதாவுக்கு யார்கிட்டேருந்து வந்துச்சு?"

"உன்கிட்டேருந்து."

"எனக்கு?"

"நம்ம உம்மாகிட்டேருந்து."

"நீ யாரு வயித்துல பிறந்தே?"

அடுக்களையிலிருந்து மனைவி நபீசா, "அந்தப் பத்திரிகையில இதுக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்களேன்" என்றாள்.

"நாளைக்கு எங்க வீட்டுலேருந்து ஒருத்தரும் வரமாட்டோம். முதல்ல ஆம்பளைங்க கையை நீட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். அவர்கள் வராவிட்டால் பரிசோதனை இல்லை. அடுத்த காய்ச்சல் ரயானைக் கேட்டுக்கொண்டா வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியோடு வந்த டாக்டர், பாதி வீடு காலியாக இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டு, என்னை 'இக்கா' என்று அண்ணனாக்கி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள உள்ள ஜீன் அம்மைகிட்டேருந்து வரும், சரி. பக்ஷே அது கொஞ்சம்தான் இக்கா. அதை நடத்துற பாக்கி ஜீனெல்லாம் அச்சன், அம்மை ரெண்டு பேர்கிட்டேருந்தும் வரும். இந்தக் குட்டிக்கு எதுன்னு எனக்கே தெரியல. இக்காவுக்கு எப்படித் தெரிஞ்சது?"

நிசாரையும் நபீசாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரோடு சுள்ளிக்கல்லுக்குப் போனேன். எல்லோருக்கும் முன்னால் நான்தான் முதலில் கையை நீட்டினேன். ஊசி தோலைத் தொட்டது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது அக்கா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், தேவைக்கு அதிகமான வேகத்தில். அதற்குப் பிறகு எல்லோரும் கொடுத்தார்கள். சஜிதாவும் கொடுத்தாள், என்னைப் பார்க்காமல்.

முடிவு வந்த அன்று எங்களையெல்லாம் இடப்பள்ளிக்கு வரச்சொன்னார் டாக்டர். பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று, ஒரே மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. சஜிதாவுக்கு அது வந்தது என் அக்காவிடமிருந்து. நிசாருக்கு வந்தது என்னிடமிருந்து. நபீசாவும் அக்காவின் புருஷனான மச்சானும் சுத்தம். ஆம்பளைக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னவன்தான் அதைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

நல்லவேளையாக, அது ஒரு வைட்டமினை அதிக அளவில் கொடுத்தால் கேட்கும் வகை. இப்போது ரயான் தெருவில் ஆடுகளைத் துரத்துகிறான். வீட்டில் ஃபியூஸ் போனாலும் பால் திரிந்தாலும், "யார் வழியா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

முடிவு வந்த அன்றே டாக்டரிடம் நைசாகக் கேட்டேன்: "எனக்கும் படி ஏறினா மூச்சு வாங்குது, ஒன்பது மணி வரைக்கும் எழுந்திருக்க முடியல. அந்த மருந்து எனக்கும் வேணுமா?"

அந்தப் பிரியாணிக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தையும் பேசாதிருந்த சஜிதா, டாக்டரை முந்திக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா. பழுது ஒண்ணு மட்டும் இருந்தா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் இப்பத்தான் சொன்னாங்க. உங்களுக்கு இருக்கிறது வெறும் சோம்பல்."