வால்கொழுப்பு வைத்தியர்

எங்கள் மர்கிலான் நகரில் எந்தத் தேநீர்க்கூடத்துக்குள் நுழைந்தாலும், மெத்தை விரித்த கட்டிலில் சம்மணமிட்டு, பச்சைத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, யாரும் கேளாமலேயே பிறருடைய படுக்கையறைக்கு மருந்து சொல்லும் ஒரு பிராணியை நீங்கள் காணலாம். வால்கொழுப்பு வைத்தியர் என்பது நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர். பட்டம் கிடையாது. படிப்பு கிடையாது. சந்தேகமும் கிடையாது.

மாத்திரை என்றால் அவருக்கு ஆகாது. "மாத்திரைய முழுங்கித்தான் ஆம்பிளைன்னு காட்டணும்னா, அவன் என்னடா ஆம்பிளை?" என்பார். பிறகு தொடங்குவார்: தேனில் ஊறிய அக்ரூட் பருப்பு, பச்சையாக உடைத்துக் குடிக்கும் காடை முட்டை, குதிரைக்கறி, மலைப்பாறை இடுக்கில் கசியும் கறுப்புப் பிசின், இவை அனைத்துக்கும் சிகரமாகச் செம்மறியாட்டின் கொழுத்த வாலை அறுத்து உருக்கிய கொழுப்பு, அதுவும் வியாழக்கிழமைப் புலாவில் மிதக்கும் கொழுப்பு. ஏன் வியாழக்கிழமை? எங்கள் ஊரில் திருமணமான எவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அன்று புலாவு தின்ற கணவனிடம் வீடு எதை எதிர்பார்க்கும் என்பது கொத்துமல்லி விற்பவருக்குக்கூடத் தெரியும்.

எனக்கு அந்தக் குறை வந்தது. எழுத வெட்கமில்லை, எழுதாமல் பட்ட பாடு போதும். நெஞ்சுவலிக்காக நான் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மருந்தோடு விறைப்புக்கான மாத்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் திலாரோம் அம்மையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எனக்கு மாத்திரையில்லாத வழிகள் மட்டுமே எஞ்சின. அவர் தம் கைப்பட எழுதிக்கொடுத்த சீட்டு இன்றும் கசங்காமல் என்னிடம் இருக்கிறது.

"இது கீழ மட்டும் உள்ள கோளாறுன்னு நெனைக்காதீங்க, சாபிர். அங்க போற ரத்தக்குழாய் சின்னது. அதனால அது முதல்ல மணி அடிக்குது. இப்ப நெஞ்சு வலிக்குது. அடுத்த மணி மாரடைப்பா அடிக்கும்" என்றார். தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும், தொப்பை இறங்க வேண்டும், கொழுப்பும் சிகரெட்டும் கூடாது, சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல் இடுப்படித் தசைகளை இறுக்கி இறுக்கித் தளர்த்திப் பழக வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் காற்றை உறிஞ்சி இரத்தத்தை வரவழைக்கும் குழாய்க் கருவி ஒன்று உண்டு. "எல்லாத்துக்கும் முந்தி, வீட்டுல வாயத் திறந்து பேசுங்க."

பேசினேன். "இதுதானா? நான் உங்களுக்கு என்னப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல நெனைச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள் என் மனைவி ஓய்தின். பிறகு என் காலணிகளை வாசலில் எடுத்து வைத்து, "நடங்க" என்றாள். நடந்தேன். தொப்பை இறங்கியது. அந்த அடுத்த மணி அடிக்காது என்ற நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கையில்தான் நம் வைத்தியரிடம் மாட்டிக்கொண்டேன். அவர் பெயர் ஹமிதுல்லா. எங்கள் தெருவில் மூத்தவர். நீராவிக் குளியலில் என் முதுகைத் தேய்த்துவிட்டவர். முதுகு தேய்ப்பவரிடம் எதை மறைக்க முடியும்? சொன்னேன். "என் நெஞ்சுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன், தம்பி" என்றார். அந்தப் பூட்டுக்குத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவி இருந்தது.

வாரம் ஒரு வீட்டில் ஆண்கள் கூடிப் புலாவு சமைத்துத் தின்பது எங்கள் வழக்கம். அந்த வியாழன் ஹமிதுல்லாவின் முறை. நான் உட்கார்ந்ததுமே எல்லோருடைய கண்ணிலும் ஒரு பரிவு வழிந்தது. கசாப்புக்காரர் யோல்தாஷ் கண்ணடித்தார்.

"இன்னிக்கு ரெண்டு வாலுடா! யாருக்குன்னு நான் சொல்லணுமா?"

"வேண்டாம், மாமா" என்று ஒருவன் குனிந்து சிரித்தான். "ஓய்தின் அக்காவே நாளைக்கு வந்து சொல்லும்."

ஹமிதுல்லா எழுந்து வந்தார். பளபளக்கும் கொழுப்புத் துண்டுகளைச் சோற்றோடு பிசைந்து, கை நிறைய அள்ளி, என் வாய்க்கு நேராக நீட்டினார். மூத்தவர் தம் கையால் ஊட்டும் கவளத்தை எங்கள் ஊரில் மறுப்பதில்லை. மறுத்தால் அந்த வீட்டோடு உறவு முறிந்தது என்று பொருள். ஏற்றால்? ஒரு கவளத்தோடு நிற்காது; அவருக்குப் பின்னால் யோல்தாஷ் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார், அவருக்குப் பின்னால் வேறொருவர். வாரந்தோறும் இப்படியென்றால் என் நடை எதற்கு? என் நெஞ்சு எதற்கு?

"ஆ காட்டு தம்பி. இது உள்ள போனா, ராத்திரி சிங்கம்!"

"வேண்டாம் அண்ணே."

ஹமிதுல்லாவின் கை என் வாய்க்கு நேராகவே நின்றது.

"என்னடா சொன்ன?"

"உங்க கைக்கு மரியாதை உண்டு அண்ணே. ஆனா இந்தக் கொழுப்புத்தான் என்னை இங்க கொண்டுவந்து விட்டுச்சு. டாக்டரம்மா வேண்டாம்னுட்டாங்க. எனக்கு நிக்கலன்னு ஊருக்கே சொன்னீங்களே, ஏன் நிக்கலன்னு யாராவது கேட்டீங்களா?" அவர் கையை இரு கைகளாலும் பற்றி, அதிலிருந்து ஒரேயொரு காரட் துண்டை எடுத்துத் தின்றேன். மிச்சத்தை அவர் வாய்க்கே திருப்பினேன்.

என்ன செய்வார்? அத்தனை பேர் பார்க்கிறார்கள். மென்றார். முகம் சிவந்தது. உறவு முறிந்துவிட்டது என்றே எண்ணி வாசலில் காலணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

யோல்தாஷ் பின்னாலேயே வந்தார். "அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க? எனக்கில்ல. நமங்கான்ல என் மச்சான் ஒருத்தன்..."

அடுத்து வந்தவர் கேட்டது பக்கத்து வீட்டுக்காரருக்காகவாம். இன்னொருவர் கேட்டது பழைய பட்டாளத்துத் தோழருக்காகவாம். கடைசியாக, விளக்கில்லாத மூலையில் ஹமிதுல்லா. "என் சம்பந்தி பாவம்டா, ரொம்ப நாளா..." என்றார். அவருடைய சம்பந்தி காலமாகி வெகுகாலம் ஆகிறது. நான் நினைவூட்டவில்லை.

மறுவாரம் கால்வாய்க்கரையில் நடந்தால் எதிரே எங்கள் கூட்டம் முழுவதும் வருகிறது! ஒருவர் ஆடு பார்க்கப் போகிறாராம். ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறாராம். முன்னால் ஹமிதுல்லா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல? கொழுப்பு ஆகாது, நடக்கணும்னு! உள்ள இறுக்குங்கடா, இறுக்கி விடுங்க! அந்தக் குழாயும் ஒண்ணும் புதுசில்ல. முதுகுல கோப்பை வச்சு ரத்தம் இழுக்கிறோம்ல? அதே கணக்குத்தான், இடம்தான் வேற."

என் இரகசியத்தை எடுத்தார்; என் மருத்துவரை எடுத்தார்; கடைசியில் என் வைத்தியத்தையும் எடுத்துக்கொண்டார். வீடு திரும்பி ஓய்தினிடம் கொதித்தேன். "பேர அவரு எடுத்துக்கட்டும்" என்றாள் அவள், கதவைச் சாத்தியபடி. "பலன் இங்கதானே இருக்கு?"

வாசகரே, உங்கள் ஊரில் செம்மறியாட்டு வால் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் குறை வந்தது என்று படித்தீர்களே, அந்த நொடியில், 'ஐயோ, இவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லையா?' என்று ஒரு காயின் பெயரோ, வேரின் பெயரோ, பருப்பின் பெயரோ உங்கள் நாக்கு நுனிக்கு வந்து நின்றதா? வந்ததென்றால் சற்று நகர்ந்து உட்காருங்கள். ஹமிதுல்லா உங்களுக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.