தேத்தண்ணிக்கு வந்த முப்பத்தெட்டுப் பேர்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தாளர்கள் எழுதும் பக்கத்தில் நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜெர்மன் அண்ணையைப் பற்றி ஒருவரும் எழுதாமல் விட்டால் அது எங்கள் ஈஸ்ட் ஹாம் பகுதிக்கே அவமானம்.

லண்டனில் அவரைவிட அதிகம் பயணம் செய்தவர் கிடையாது. அதுவும் கதிரையை விட்டு எழும்பாமல். பதினொரு வருடம் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் கோப்பை கழுவிவிட்டு இங்கே வந்தவர். வந்த பிறகும் அந்த ஊர் உதைபந்தாட்ட ரசிகர்களின் இணையத்தளத்தில்தான் குடியிருந்தார். அங்கே கோல் விழுந்தால் இங்கே எங்கள் சுவர் அதிரும். நான் பக்கத்து வீடு.

2009இல் அந்த அணி ஓர் ஆட்டத்துக்கு லண்டன் வருவதாக அறிவிப்பு வந்தது. சந்தோஷத்தில் அண்ணை தளத்தில் ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டார்: லண்டன் வருகிற எல்லாரும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

நம்மவர்கள் இதை ஆயிரம் தரம் சொல்வோம். கேட்பவரும் "ஓம் ஓம், வாறம்" என்பார். வரமாட்டார். அதுதான் முறை. ஜெர்மன்காரருக்கு இந்த முறை தெரியாது. முப்பத்தெட்டுப் பேர் பெயர் பதிந்து, சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வருவதாகவும், அதில் நாலு பேர் மரக்கறி மட்டும் என்றும் பதில் போட்டார்கள்.

அண்ணையின் மனைவி, எனக்கு அக்கா, கணினிக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, முப்பத்தெட்டோ? எங்களிட்டைக் கிடக்கிற கதிரை ஆறு. வரவேண்டாமெண்டு எழுதுங்கோ."

"வாங்கோ எண்டு சொன்ன வாயாலை எப்பிடியப்பா?"

"வாயாலை எங்கை சொன்னீங்கள்? விரலாலைதானே தட்டினீங்கள்."

அண்ணை என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கடிதத்தை மூன்று தரம் எழுதி அழித்திருந்தார்.

"தம்பி, நான் போன முதல் குளிருக்கை அந்த ஊரிலை ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. மைதானத்திலை பக்கத்திலை நிண்டவன்தான் தன்ரை மப்ளரைக் கழற்றி என்ரை கழுத்திலை சுத்திவிட்டான். இப்ப வரவேண்டாமெண்டு எழுதிப்போட்டு, அவங்களுக்கு நடுவிலை நான் என்னெண்டு நிக்கிறது?"

அக்கா பிரிட்ஜைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்த மரக்கறி நாலு பேரும் முட்டை தின்னுவினமோ?"

சனிக்கிழமை தெருவெங்கும் ஜன்னல் சீலைகள் அசைந்தன. உதைபந்து ரசிகர்கள் என்றால் கண்ணாடி உடையும் என்று பயந்து எதிர்வீட்டுக்காரர் தன் காரை அடுத்த தெருவில் கொண்டுபோய் ஒளித்தார். சரியாகப் பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கு வந்தார்கள். அக்கா அவர்களின் கால்களைப் பார்த்த ஒரே பார்வையில் முப்பத்தெட்டுப் பேரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். மாடிப்படியிலும் குளியல்தொட்டி விளிம்பிலும் இருந்து சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டார்கள். உறைப்பில் அழுதுகொண்டே இரண்டாம் தரமும் கேட்டார்கள்.

புறப்படும்போதுதான் வினை வந்தது. ஆட்டம் மூன்று மணிக்கு, மைதானம் நடைதூரத்தில். வாசலில் எழுபத்தாறு சப்பாத்துகள், பாதி ஒரே மாதிரி. அண்ணை ஒவ்வொன்றாகத் தூக்கிப்பிடித்து ஏலக்காரரைப்போலக் கூவினார். ஒருவர் அவசரத்தில் என் செருப்போடு போய்விட்டார். வள்ளம்போல இருந்த அவருடைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு நானும் பின்னால் இழுபட்டேன்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த் முழுவதும் அவர்கள் பாடிக்கொண்டு போக, எல்லாருக்கும் முன்னால் அண்ணை தொண்டை கிழியப் பாடினார். நகைக்கடையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார்.

"ஆரப்பா அது, முன்னாலை போறது?"

முன்பின் தெரியாதவரோடு நான் கதைப்பதில்லை. அன்று நின்று, நிமிர்ந்து சொன்னேன்.

"எங்கடை அண்ணை."

மறுநாள் அண்ணைக்குக் குரல் வரவில்லை. நான்தான் அவர் வேலைசெய்யும் இடத்துக்குப் போன் எடுத்து லீவு சொன்னேன்.