பலா மரமும் சிவப்பு வட்டமும்

ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவனின் ஆங்கிலத்தைத் திருத்துவது போன்ற கொலைபாதகம் உலகத்தில் கிடையாது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. (யார் மேல் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

அலுவிகாரையில் எங்கள் குசினிக்கு மேல் ஒரு பலா மரம் சாய்ந்து நின்றது. சொந்தக் காணிப் பலாவை வெட்டவும் இங்கே அரசாங்க அனுமதி வேண்டும்.

"தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மழைக்கு முந்தி வெட்டிறணும். அதுக்குக் கீழ நின்னு சமைக்கிறது நானு" என்றாள் மனைவி ராஜேஸ்வரி.

டியூஷன் மாஸ்டர் தமிழில் எழுதுவதா? ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் தீட்டினேன்.

அலுவலகத்தில் இருந்த மிஸ்ஸுக்கு என் மகள் வயசு. 'டேக் பர்மிஷன்' என்று நான் எழுதிய இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

"சேர், பர்மிஷன் நாங்க குடுக்கிறது. நீங்க எடுக்கிறதில்ல, கேக்கிறது. 'ஆஸ்க் ஃபோர்'னு போடுங்க. இந்தாங்க பேனா, இப்பவே மாத்துங்க. நாளைக்கே மரத்தப் பாக்க வாறோம்."

வரிசையில் நின்ற என் பழைய மாணவி களுக்கென்று சிரித்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இருபது வருஷமா இதத்தான் படிச்சுக் குடுக்கிறேன்!" என்று கத்தி, கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அகராதியைப் புரட்டினேன். பாழாய்ப்போன அகராதியும் அந்த மிஸ் கட்சி! கடிதத்தை அதற்குள் செருகி, அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். "ஒஃபிஸ்ல இழுத்தடிக்கிறாங்க" என்று கூசாமல் புளுகினேன். மூன்று வாரமாக அந்த ஒரு சொல்லை மாற்ற எனக்குக் கை வரவில்லை.

மழை பிடித்தது. ஒரு மத்தியானம் மரம் யாரையும் கேட்காமல் குசினி மேல் விழுந்தது. கறிவேப்பிலை பறிக்க ராஜேஸ்வரி அப்போதுதான் வெளியே போயிருந்தாள். அடுப்பு இருந்த இடத்தில் அடிமரம் கிடந்தது.

நனையாமலிருக்க அலுமாரியை நகர்த்தியபோது அகராதி விழுந்தது. ராஜேஸ்வரி கடிதத்தைப் பிரித்து, சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு சொல்லுக்கா என்னைய மரத்துக்கடியில நிக்க வச்சீங்க?"

அந்த அகராதியை ஒளித்த மடையன் மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.

இப்போது புதுக் குசினி. தட்டிலிருக்கும் வடைக்கு நான் கை நீட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"டேக்கா, ஆஸ்க்கா?"

"ஆஸ்க்" என்கிறேன். அவள் எடுத்துத் தந்த பிறகுதான் தின்கிறேன்.