மாப்பிள்ளை ‘ஆம்பிவலன்ட்’ ஆன விவகாரம்

தென்காசி,
சாரல் விடாத புதன்கிழமை.

என்றும் மரியாதைக்குரிய பரமேஸ்வரன் அத்தான் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரன் கோமதிசங்கர் வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் நலம், என்னைத் தவிர. ஆலங்குளத்தில் உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் என் மகள், உங்கள் மருமகள் அபர்ணா காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தார்கள் அல்லவா, சீசனில் வருகிற எல்லாரையும் போல முதலில் ஐந்தருவி, அப்புறம்தான் பெண் என்று நாலு மணி நேரம் குளித்துவிட்டு ஈரத்தலையும் அகோரப் பசியுமாக வந்து நின்றார்கள், கல்யாணத்துக்கு மறுநாள் வைக்க வேண்டிய தேங்காய்ப்பால் சொதியை உங்கள் தங்கை லோகநாயகி அவசரப்பட்டு அன்றைக்கே வைத்துவிட்டாள், மாப்பிள்ளையும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார், சரி முடிந்தது என்று நான் நிம்மதியாக இருக்க, நேற்று அவர் அப்பா என் வாட்ஸ்அப்புக்கு ஒரே ஒரு வரியைத் தள்ளிவிட்டிருக்கிறார்: “ஐ ஆம் ஆம்பிவலன்ட்.” பையன் சொன்ன பதில் இதுதான் போலிருக்கிறது.

அடுத்த தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஜஸ்டின் சாரிடம் ஓடினேன். “பயப்படாதீங்க அண்ணாச்சி. லத்தீன்ல ஆம்பின்னா ரெண்டு பக்கமும், வலேரேன்னா பலமா இருக்கது. மனச ரெண்டு பக்கமும் சம பலத்துல இழுக்குது, அம்புட்டுதான்” என்றார். அதோடு விட்டாரா? அதே வேரிலிருந்து வந்த ‘வாலே’யைச் சொல்லித்தான் ரோமாபுரிக்காரர்கள் விடைபெறுவார்களாம். நம்ம ஊர்ல வரச்சொல்லத்தானே அப்படிக் கூப்பிடுவோம். பையனும் விடைபெறத்தான் பார்க்கிறாரோ என்று நேரே வீட்டுக்குத் திரும்பினேன். ஒரு பக்கம் நம்ம பெண் இழுக்கிறாள் சரி, மறுபக்கம் இழுப்பது யார்? சொதிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த இஞ்சிப் பச்சடியில் காரம் தூக்கலோ என்று கேட்டால் லோகநாயகி, “மூணு தடவ வாங்கித் தின்னவருக்குக் காரமாம்லா” என்று பாய்கிறாள். சோறு இறங்கவில்லை அத்தான். தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் உடனே சென்னைக்குப் புறப்பட்டு, அந்த மறுபக்கம் என்னவென்று பையனிடம் பக்குவமாகக் கேட்டு வர வேண்டும்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். காசிவிசுவநாதர் அனைவரையும் காக்கட்டும், பையன் மனதை முதலில்.

தங்கள்,
கோமதிசங்கர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அபர்ணா பின்னால் நின்று படித்துவிட்டாள். “அது நான் அவருக்கு அனுப்பின வரிப்பா. அவருக்கு அன்னைக்கே சம்மதம். அவரு காட்டினதும் அவங்க அப்பா அர்த்தம் கேட்டுத்தான் ஒங்களுக்கு அனுப்பிருக்காரு” என்கிறாள். “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாட்டி” என்றேன். “அவரு கேட்டாரு, சொன்னேன். இங்கன யாரு கேட்டா?” என்றாள். நீங்கள் சென்னைக்குப் போக வேண்டாம் அத்தான். மாப்பிள்ளைக்குச் சொதியில் முருங்கைக்காய் பிடிக்குமா என்றுகூட நான் போன் போட்டுக் கேட்டேன். இவளைக் கேட்கவில்லை.